புஸ்ஸி மட்டும் இங்கே

போன மாதம் ரயிலடியில் ஆட்டோ பிடித்து, "லால் பகதூர் சாஸ்திரி வீதி" என்றேன். ஓட்டுநர் தம்பி விழித்தார். "புஸ்ஸி வீதிப்பா" என்றதும் வண்டி கிளம்பிவிட்டது. சும்மா இருக்காமல், புஸ்ஸி யார் தெரியுமா என்று கேட்டேன். "பழைய எம்.எல்.ஏ. தானே சார்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் பெயரில் சட்டசபைத் தொகுதியே இருந்த ஊர் இது.

பதினெட்டாம் நூற்றாண்டில் நம் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களுக்காகத் தூக்கி நிறுத்தியவர்கள், கவிழ்த்தவர்கள் என்று மூன்று பேரைச் சொல்லலாம். துய்ப்ளே, லாலி, புஸ்ஸி. மூவரில் நம் மண்ணில் புதைக்கப்பட்டவர் புஸ்ஸி ஒருவர்தான்.

துய்ப்ளே கதை உங்களுக்குத் தெரிந்ததே. 1754-ல் திரும்ப அழைக்கப்பட்டு, கம்பெனியோடு பணத்துக்காக வழக்காடியே ஓய்ந்து, 1763-ல் பாரிசில் வறுமையில் இறந்தார். 1870-ல் இங்கே சிலை வைத்தார்கள். கடற்கரைச் சாலையின் தென்கோடியில் இன்றும் நிற்கிறார்.

லாலி கதை வேறு. 1758-ல் வந்து இறங்கியவர், வந்த வேகத்திலேயே தஞ்சாவூர்ச் சீமையைக் கொள்ளையிடப் புறப்பட்டார். பீரங்கி வண்டி இழுக்க மாடு கிடைக்கவில்லை என்று, சாதி எது, தொழில் எது என்று பார்க்காமல் கிடைத்தவர்களையெல்லாம் பிடித்துச் சுமை தூக்க வைத்தார். கீவளூர்க் கோயிலைத் தோண்டிப் பார்த்தார். ஒற்றர்கள் என்று சந்தேகப்பட்டு அங்கிருந்த பிராமணர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். புதையலும் கிடைக்கவில்லை, தஞ்சாவூரும் விழவில்லை.

1761 ஜனவரி 16-ல் அவர் பட்டணத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தார். அவர்கள் கோட்டையையும் பெரிய கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நம் ஆனந்தரங்கப் பிள்ளை கண் மூடியதும் அதே மாதம்தான்.

அரசருக்குத் துரோகம் செய்தார் என்று 1766 மே 9-ல் பாரிசில் லாலியின் தலையை வெட்டினார்கள். கத்திப் பேசிவிடுவார் என்று வாயை அடைத்தே கொண்டுபோனார்களாம். பிறகு மகன் போராடினான், வொல்தேர் எழுதினார். 1778-ல் தீர்ப்பு ரத்தானது. சாகக் கிடந்த வொல்தேர் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் இறந்தார். பள்ளிக்கூடத்தில் எங்கள் மெஸ்யே இந்த இடத்தைக் குரல் தழுதழுக்கச் சொல்வார். நாங்களும் கண் கலங்கினோம். கீவளூரைப் பற்றி அவர் சொன்னதில்லை. அதை நான் படித்தது வேலையில் சேர்ந்த பிறகு, ஒரு மத்தியான இடைவேளையில். துரோகி இல்லை என்று தீர்ப்பு வந்தது சரி. ஆனால் கீவளூருக்காக அவர் மேல் வழக்கு போட யார் இருந்தார்கள்?

புஸ்ஸி இவர்கள் இருவரையும் விடக் கெட்டிக்காரர். 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். நம் தாத்தாக்கள் அண்ணாந்து பார்த்த அதே செஞ்சி! மறு வருஷம் ஐதராபாத்தில் சலபத் ஜங்கை நிசாமாக உட்கார வைத்து, ஏழு வருஷம் பக்கத்திலிருந்தே காரியம் பார்த்தார். வடசர்க்கார் மாவட்டங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அவரால்தான். கூடவே அவருக்கும் நிறையச் சொத்து சேர்ந்தது. (நம் காலத்து விஜிலென்ஸ்காரர்கள் அப்போது இல்லை.) லாலி வந்ததும் அவரைத் திரும்பக் கூப்பிட்டார். இருவருக்கும் ஆகவே ஆகாது. 1760-ல் வந்தவாசிச் சண்டையில் புஸ்ஸி ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார்.

பிரான்சில் வசதியாக இருந்தவர், 1783-ல் வயதான காலத்தில், உடம்பு முடியாத நிலையில், மறுபடியும் படையோடு வந்தார். பரங்கிப்பேட்டையில் இறங்கினார். கடலூர்ச் சண்டை முடிவதற்குள் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டதாகச் செய்தி வந்தது. 1785 ஜனவரி 7-ல் புதுச்சேரியில் இறந்தார்.

நான் கல்லறையைத் தேடிக்கொண்டு முதலில் போனது ஓய்வு பெற்ற பிறகுதான். அறுபது வருஷம் இதே ஊரில் இருந்துவிட்டு! நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு அடித்து, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பாரிசிலிருந்து வந்த சொல்தா வீட்டுப் பிள்ளைகள்கூட முழங்காலில் நிற்பார்கள். புஸ்ஸிக்கு யாரும் ஏற்றி நான் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஒன்று வாங்கிப் போகலாமா என்று வீட்டில் கேட்டேன். "அந்த ஆளுக்கு எதுக்குங்க? லாலி கட்டிச் சுட்டாரே, அவங்களுக்கு ஏத்துங்க" என்றாள். கீவளூர்க் கதையை அவளுக்குச் சொன்னவன் நான்தான்.