போர்க்கால நிழற்படங்களிற் பிரித்தானியப் படையூர்திகள்

பண்டைக் கால வரலாற்றுக்குக் கல்வெட்டும் நாணயமும் எத்தகைய சான்றுகளோ, இருபதாம் நூற்றாண்டின் போர் வரலாற்றுக்கு நிழற்படமும் அத்தகையதொரு சான்றாகும். எனினும், நிழற்படம் தன் காலத்தையும் இடத்தையும் தானே கூறுவதில்லை. 1941ஆம் ஆண்டு ஒக்தோபர் மாதத்தில் நிறுவப்பெற்ற பிரித்தானியப் படையின் திரைப்பட நிழற்படப் பிரிவினர், தாம் எடுத்த படங்களுக்குக் குறிப்பெழுதி அனுப்பினர். போர்வீரர் தத்தம் சிறு கருவிகளால் எடுத்த படங்களுக்கோ அத்தகைய குறிப்புக்கள் பெரும்பாலும் இல. படமொன்று நூலுக்கு நூல் பெயர்த்துப் பதிக்கப்படும்போது உள்ள குறிப்பும் திரிந்து போதல் உண்டு. அவ்விடத்துத் துணைபுரிவன படத்திற் காணப்படும் ஊர்திகளே.

முதற்கண் நோக்கற்பாலது ஊர்தியின் உருவம். மண்ணடுக்கொன்று அதனுட் கிடைக்கும் நாணயத்துக்கு முந்தியதாதல் இயலாது என்பது தொல்பொருளாராய்ச்சியாளர் கொள்ளும் விதி. நிழற்படத்துக்கும் அவ்விதி பொருந்தும். பெட்போட் கியூ. எல். எனும் மூன்று தொன் லொறியின் உற்பத்தி 1941ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அவ்வகை லொறி காணப்படும் படத்தின் கீழ் ‘டன்கேர்க், 1940’ என எழுதியிருப்பின், அக்குறிப்புப் பிழையென்பது ஒருதலை. கனடாவில் போட், செவ்றொலே நிறுவனத்தார் செய்தளித்த லொறிகளும் இவ்வாறே காலங் காட்டுவன. அவற்றின் முகப்புக் கண்ணாடி முன்னர் நிமிர்ந்து நின்றது. மேற்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்த கண்ணாடி 1941ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்தே வழக்கிற்கு வந்தது.

உருவத்தை அடுத்து ஆராயத்தக்கன ஊர்தியின்மீது தீட்டப்பெற்ற குறிகள். அவை மூவகைப்படும். முதலாவது, பதிவெண். அதன் முன்னெழுத்து ஊர்தியின் இனத்தைக் காட்டும்: ‘ரீ’ என்பது தாங்கியையும், ‘எல்’ என்பது லொறியையும், ‘எம்’ என்பது காரையும், ‘சீ’ என்பது மோட்டார் சைக்கிளையும் குறிப்பன. இரண்டாவது, படைப்பிரிவின் சின்னம். ஏழாவது கவசப் பிரிவு பாலைநில எலியையும், பதினோராவது கவசப் பிரிவு பாயுங் காளையையும், இரண்டாவது காலாட் பிரிவு குறுக்கிட்ட இரு திறவுகோல்களையும் சின்னமாகக் கொண்டிருந்தன. மூன்றாவது, நிறச் சதுரமும் அதன்மேல் எழுதப்பெற்ற எண்ணும். இவை பிரிவினுள் அடங்கிய அணியை உணர்த்தும். மேலே சிவப்பும் கீழே நீலமுமாகப் பகுக்கப்பட்ட சதுரம் பீரங்கிப் படைக்குரியது.

இக்குறிகளுள் ஒன்றை மாத்திரங் கொண்டு முடிபு கூறுதல் தகாது. எச். டீ. எனும் இரண்டெழுத்துக்களைச் சின்னமாகக் கொண்டது ஐம்பத்தோராவது ஹைலண்ட் பிரிவு. அப்பிரிவு 1942இல் எல் அலமைனிலும், 1943இல் சிசிலியிலும், 1944இல் நோர்மண்டியிலும் போரிட்டது. ஆகவே அச்சின்னம் படைப்பிரிவைக் கூறுமேயன்றிப் போர்க்களத்தைக் கூறாது. அதே ஊர்தியில் ஐம்முனை வெண்ணட்சத்திரமுங் காணப்படின் எல் அலமைன் விலக்கப்படும். ஏனெனில், பிரித்தானிய ஊர்திகளில் அந்நட்சத்திரம் 1943ஆம் ஆண்டிலிருந்தே பரவி, நோர்மண்டிப் படையெடுப்பின்போது நேசநாடுகளின் பொது அடையாளமாயிற்று. எஞ்சிய ஐயத்தை நிலத்தோற்றமும் வீரரின் உடையுந் தீர்க்கும்.

நிறத்தைத் துணியுமிடத்துப் பெரிதும் விழிப்பு வேண்டும். சிவப்பொளியை உணராத பழைய படச்சுருளிற் சிவப்பு நிறம் கருமையாகவும், நீலம் வெளிறியுந் தோன்றும். சின்னமே இல்லாத ஊர்தியைக் கண்டு, அது எப்பிரிவையுஞ் சாராதது எனக் கொள்ளுதலும் பிழை. பகைவர் அறியாவண்ணம் தணிக்கையாளர் படத்திலிருந்தே சின்னங்களை அழித்தமையும் உண்டு.

இவை யாவற்றினும் அரியது, ஊர்தியைச் செய்தவரையும் அதனைச் செலுத்தியவரையும் வேறு பிரித்தறிதல். 1940ஆம் ஆண்டிற் பிரான்சை விட்டகன்ற பிரித்தானியப் படை, ஏறத்தாழ 64,000 ஊர்திகளையும் 20,000 மோட்டார் சைக்கிள்களையும் ஆங்கே கைவிட்டது. அவற்றுட் பலவற்றை ஜேர்மானியர் செப்பனிட்டுத் தமது சிலுவைக் குறியைத் தீட்டிப் பயன்படுத்தினர். 1941ஆம் ஆண்டு ஏப்பிரலில், லிபியாவின் மெக்கிலி எனுமிடத்திற் பிரித்தானியத் தளபதிகளுக்குரிய ‘டோர்செஸ்ரர்’ எனும் பெருங் கவச ஊர்திகள் அவர்கள் கைப்பட்டன. அவற்றுள் ஒன்றையே தளபதி ரொம்மல் தமது நடமாடுந் தலைமைப்பீடமாக்கிக் கொண்டார். ஊர்தியின் உருவத்தை மட்டும் நோக்குவோன், ரொம்மலின் பாசறையைப் பிரித்தானியப் பாசறையென்றே எழுதிவிடக்கூடும்.

இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. படமொன்றின் குறிப்புப் பிழைபடின், அதிலுள்ள வீரர் தாம் காணாத களத்திற் போரிட்டவராகின்றனர். மெய்யாகவே அங்குப் போரிட்டு மாண்டவரின் இடம் பிறருக்குரியதாகின்றது. அவ்வீரரின் பெயரும் முகமும் இன்று அறியப்படாதிருப்பினும், அவர் ஏறிச்சென்ற லொறியின் கதவிலுள்ள சிறு சதுரமும் எண்ணும் அவரை அவருக்குரிய அணியிற் சேர்க்க வல்லன. ஆதலின், குறிப்பைப் படித்தபின் படத்தை நோக்குதலை விடுத்து, முன்னர்ப் படத்தை நுணுகி நோக்கிப் பின்னர்க் குறிப்பை ஆராய்ந்து ஏற்றலே வரலாற்று மாணவர்க்கு உரிய நெறியாகும்.