கரிப்பெட்டி (பழைய கார்களில்)

பெற்றோல் தாங்கியில் எழும் ஆவியைக் காற்றில் விடாமல் பிடித்துவைத்து, எஞ்சின் ஓடும்போது அதற்கே ஊட்டிவிடுவது கரிப்பெட்டி. கராஜில் கேட்டால் கனிஸ்டர் என்பார்கள். கறுத்த டப்பா, உள்ளே செயலூட்டிய கரி.

ஆவி ஒரு கேடு என்று கார் செய்தவர்கள் நெடுங்காலம் நினைக்கவில்லை. 1948இல் வந்த மொறிஸ் மைனரின் தாங்கிக்குக் கரிப்பெட்டி கிடையாது; வெயிலில் நின்றால் ஆவி வெளியேதான் போகும். அன்னாசியின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் ஹாகன்-ஸ்மித், எரியாத பெற்றோலும் நைதரசன் ஒட்சைட்டும் வெயிலில் கூடித்தான் லொஸ் ஏஞ்சலிசின் புகைமூட்டம் உண்டாகிறது என்று 1950களில் காட்டினார். 1970ஆம் ஆண்டுக் கார்களுக்குக் கலிபோர்னியா ஆவித்தடுப்பைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதும். யப்பானும் அந்தப் பத்தாண்டிலேயே பின்தொடர்ந்தது.

இலங்கையில் கனிஸ்டரைப் பரப்பியது யப்பானிலிருந்து இறங்கிய பாவித்த கார்கள். 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனை, புகைக்குழாயில் வருவதை மட்டுமே அளக்கிறது. கனிஸ்டர் செத்த காரும் சான்றிதழ் வாங்கிவிடும். இது பெரிய ஓட்டை. கரியைப் பொறுத்தவரை, சிரட்டைக் கரியை உலகுக்கு விற்கும் நாடு இது. அந்தக் கரியைச் செய்யும் ஹேகார்ப் நிறுவனம் 1973இல் தொடங்கியது. ஆனால் கனிஸ்டருக்குள் பெரும்பாலும் மரக்கரிதான். சிரட்டைக் கரியின் நுண்துளைகள் ஆவியை இறுகப் பிடித்துக்கொள்ளும், எளிதில் விடாது.

மட்டக்களப்புக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் கிழக்கே கடல், மேற்கே வாவி. உப்புக்காற்று குழாய்க் கவ்விகளைத் தின்னும். வெயிலில் றப்பர் குழாய் வெடிக்கும். காலையில் காரருகே பெற்றோல் மணம் வந்தால் முதலில் பார்க்கவேண்டியது தாங்கி மூடியின் றப்பர் வளையம், பிறகு குழாய்கள். கனிஸ்டரிலிருந்து எஞ்சினுக்கு ஆவியை விடும் மின்வால்வு உள்ள காரில் அதைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கலாம்: மின்சாரம் இல்லாதபோது காற்றுப் போகக்கூடாது, 12 வோல்ற் கொடுத்தால் போகவேண்டும். வால்வுக்குள் கரித்தூள் கிடந்தால் கனிஸ்டரின் ஆயுள் முடிந்தது. வால்வை மட்டும் மாற்றுவது வீண்செலவு. குழாயை மடக்கி அடைத்துவிடுவது சில கராஜ்களின் வழக்கம். போக இடமில்லாத ஆவி பழைய மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

2022 ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான். கிடைத்ததைக் கழுத்துவரை நிரப்பிக்கொள்ளும் ஆசை அப்போது யாருக்கும் இருந்திருக்கும். ஆனால் மிஞ்சிய பெற்றோல் திரவமாகவே கனிஸ்டருக்குள் இறங்கினால் கரி ஊறிக் கெட்டுவிடும். பம்பு தானாக நின்ற பிறகு “இன்னும் கொஞ்சம்” என்று கேட்காதீர்கள்.