குதிரைப் பந்தய மறுகாட்சி ஆய்வு

குதிரைப் பந்தய மறுகாட்சி ஆய்வு என்பது, ஓடி முடிந்த பந்தயத்தின் ஒளிப்பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்து, தன் வலுவுக்குரிய இடத்தில் முடிக்க முடியாமல் போன குதிரையை அடையாளம் காண்பதும், அது அடுத்து இறங்கும்போது அதன்மேல் பணம் கட்டத் தகுமா என்று கணிப்பதும் ஆகும். முடிவுப் பட்டியலில் ஒரு குதிரை ஆறாவது என்று மட்டுமே இருக்கும். அது ஆறாவதாக வந்தது ஏன் என்பது படத்தில்தான் தெரியும். பந்தயம் தொடங்கும் கேட் திறந்தபோது தடுமாறியிருக்கலாம்; கடைசி 400 மீட்டரில் முன்னால் சுவர்போல் நின்ற குதிரைகளுக்குப் பின்னே வழியின்றி அடைபட்டிருக்கலாம்; வளைவு முழுவதையும் வெளிப்பக்கமாகவே சுற்றி வந்திருக்கலாம். அமெரிக்காவில் இந்த முறையைப் பரவலாக்கியவர் வாஷிங்டன் போஸ்ட் பத்தி எழுத்தாளர் ஆண்ட்ரூ பேயர். வேகக் கணக்கால் பெயர் பெற்றிருந்த அவர், 1983இல் வெளிவந்த தன் நூலில், குதிரை ஓடிய நேரத்தைப் போலவே அது ஓடிய வழியையும் படிக்க வேண்டும் என்று வாதிட்டார்.

கிண்டியும் தென்புறநகரும்

தமிழ்நாட்டில் இந்தக் கலையின் தாயகம் சென்னையின் கிண்டி. அங்கே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பந்தயம் நடந்துவந்தது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் உருவானது. தென்புறநகர்வாசிகளுக்குக் கிண்டி எப்போதும் எட்டும் தூரம்தான். ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் பக்கத்து ரசிகர் பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, கடற்கரை மின்ரயிலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடந்து கிண்டியில் இறங்கிவிடலாம். வேளச்சேரி சாலை வழியாகவும் போகலாம். ரேஸ் புத்தகத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போன தலைமுறைக்கு, பந்தயம் என்பது ஸ்டாண்டிலிருந்து ஒருமுறை கண்ணால் பார்ப்பது. மீதி, பக்கத்தில் இருந்தவர் சொன்னது. குதிரை அடைபட்டதா, ஜாக்கி இழுத்துப் பிடித்தானா என்ற சண்டை ரயிலில் வீடு திரும்பும்வரை தீராது. கிளப்புகள் பந்தயப் பதிவுகளை இணையத்தில் ஏற்றத் தொடங்கிய பிறகு அந்தச் சண்டையைத் தீர்க்கும் சாட்சி வீட்டுக்கே வந்துவிட்டது. பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், புனே, மும்பை பந்தயங்களையும் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருந்தபடியே நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிகிறது.

களம் மட்டும் சுருங்கி வருகிறது. ஊட்டிப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை நீலகிரி மாவட்ட நிர்வாகம் 2024 ஜூனில் மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் 160.86 ஏக்கருக்கான குத்தகையை அரசு ரத்து செய்தது. 1945இல் 99 ஆண்டுகளுக்குக் கொடுக்கப்பட்ட குத்தகை அது. விவகாரம் நீதிமன்றம் ஏறியது.

திறமையா, அதிர்ஷ்டமா

மறுகாட்சி ஆய்வுக்கு ஏதேனும் பொருள் உண்டா என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் பதில் சொன்னதும் கிண்டியை முன்வைத்துத்தான். குதிரைப் பந்தயச் சூதாட்டத்தை ஒழிக்க 1974இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. 1986இல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே அரசுடைமையாக்க இன்னொரு சட்டம் வந்தது. கிளப்பின் பங்குதாரர்களில் ஒருவரான கே. ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில், 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் பிறவி ஆற்றல், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் ஆகியவற்றை எடைபோட்டே முடிவு கணிக்கப்படுகிறது. ஆகவே இது பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு என்றது நீதிமன்றம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றானது.

நீதிமன்றம் சொன்ன அந்தத் திறமை, கட்டுபவரிடம் தானாக வந்து சேர்ந்துவிடாது. பெயர் பிடித்திருக்கிறது என்று கட்டுபவருக்கும், நான்கு பந்தயப் பதிவுகளை அலசிவிட்டுக் கட்டுபவருக்கும் சட்டம் ஒன்றுதான். வித்தியாசம் உழைப்பில்.

படத்தில் எதைப் பார்ப்பது

முதல்முறை பார்க்கும்போது கண் தானாக முன்னால் ஓடும் குதிரையிடம் போய்விடும். அதனால் பழக்கமுள்ளவர்கள் ஒரு பந்தயத்தைப் பல தடவை ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் ஒரே குதிரையின்மீது மட்டும் கண்ணை வைப்பார்கள். ஒளிப்பதிவு பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. அதில் முன்பின் தெரியும். உள்ளே வெளியே என்பது சரியாகத் தெரியாது. நேர் எதிரிலிருந்து எடுத்த படம்தான், ஒரு குதிரை சாய்ந்து பக்கத்துக் குதிரையின் வழியை மறித்ததைக் காட்டும். ஆட்சேபணை எழும்போது பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் பார்ப்பதும் அந்தக் கோணத்தைத்தான்.

இந்தியாவில் 1200 மீட்டர் பந்தயம் ஏறத்தாழ 1 நிமிடம் 13 முதல் 15 விநாடியில் முடியும். அதாவது ஒரு விநாடியில் குதிரை சுமார் 16 மீட்டர் கடக்கிறது. லெங்த் எனப்படும் ஒரு குதிரை நீளம் சுமார் 2.4 மீட்டர். எனவே ஒரு விநாடி ஆறேழு லெங்த்துக்குச் சமம். கேட்டில் அரை விநாடி தாமதித்த குதிரை மூன்று லெங்த்தை அங்கேயே விட்டுவிட்டது. அது கடைசியில் இரண்டு லெங்த் வித்தியாசத்தில் தோற்றிருந்தால் யோசிக்க வேண்டிய குதிரைதான்.

வளைவின் கணக்கு இன்னும் துல்லியமானது. ஆனால் பலர் அதைப் போடுவதே இல்லை. அரைவட்ட வளைவில் தடத்தின் உள்வேலியான ரெயிலிலிருந்து ஒரு மீட்டர் விலகி ஓடும் குதிரை கூடுதலாக 3.14 மீட்டர் ஓட வேண்டும். மூன்று மீட்டர் விலகினால் ஏறத்தாழ ஒன்பதரை மீட்டர், அதாவது சுமார் நான்கு லெங்த். தடம் பெரிதா சிறிதா என்பது இங்கே பொருட்டே இல்லை. வளைவு எவ்வளவு திரும்புகிறது என்பதே பொருட்டு. வளைவு முழுக்க மூன்று குதிரைகளுக்கு வெளியே சுற்றி வந்து ஒரு லெங்த்தில் தோற்ற குதிரை, ரெயிலை ஒட்டி வந்து ஜெயித்த குதிரையைவிட அன்று நன்றாகவே ஓடியிருக்கிறது. உள்பக்கத் தரை மிதிபட்டுச் சேறாகியிருந்த நாளில் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. அன்று வெளியே வந்ததே லாபமாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது, பந்தயத்தின் நடை. முன்னணியில் நான்கு குதிரைகள் போட்டி போட்டுக்கொண்டு விரட்டினால் கடைசியில் அத்தனையும் சோர்ந்துபோகும். பின்னால் இருந்தவை எளிதாகக் கடக்கும். அப்படிப்பட்ட பந்தயத்தில் பின்னாலிருந்து பாய்ந்து வந்து இரண்டாவதாக முடித்த குதிரை கண்ணைக் கவரும். அதைத்தான் ஊரே குறித்துக்கொள்ளும். உண்மையில் மெச்ச வேண்டியது, அந்த விரட்டலில் கலந்துகொண்டும் நான்காவது இடத்தில் தாக்குப்பிடித்த குதிரையை. அதற்கு நேர்மாறாக, முன்னோடி யாரும் விரட்டாமல் மெதுவாக ஓட்டிச் சென்ற பந்தயத்தில், பின்னாலிருந்து ஓரிரண்டு லெங்த் எடுத்துவந்த குதிரைக்கு முடிவுப் பட்டியல் தருவதைவிட அதிக மதிப்புத் தரலாம்.

முடிவுக் கம்பத்தைத் தாண்டிய பிறகும் படத்தை நிறுத்தாமல் சற்று நேரம் பார்ப்பது நல்லது. அடைபட்டுக் கிடந்த குதிரை, பந்தயம் முடிந்தபின் மற்றவற்றைத் தாண்டிச் சென்றால் அதனிடம் வலு மிச்சம் இருந்தது என்று பொருள்.

அன்றைய தடையா, குதிரையின் குணமா

இந்த ஆய்வின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. படத்தில் தடையைக் கண்டுபிடிப்பது யாருக்கும் சில வாரங்களில் கைவரும். அந்தத் தடை அன்றைய நாளைச் சேர்ந்ததா, குதிரையைச் சேர்ந்ததா என்று பிரிப்பதே கடினம். பக்கத்துக் குதிரை மோதியதால் கேட்டில் பின்தங்கியது ஒன்று. ஒவ்வொரு முறையும் கேட்டில் மந்தமாகவே கிளம்புவது வேறு. முந்தைய நான்கைந்து ஓட்டங்களையும் எடுத்துப் பார்த்தால்தான் இது விளங்கும். ஐந்தில் நான்கு முறை தாமதமாகக் கிளம்பிய குதிரைக்கு நேர்ந்தது துரதிர்ஷ்டம் அல்ல. அது அந்தக் குதிரையின் வழக்கம்.

அடைபடுவதிலும் இதே நுணுக்கம் உண்டு. முன்னால் இடைவெளி திறந்தபோது அதில் நுழைய உடனடி வேகம் வேண்டும். அது இல்லாத குதிரை, இடைவெளி மூடிய பிறகு அடைபட்டதுபோல் தோன்றும். படத்தை மெதுவாக ஓட்டினால், வழி முதலில் திறந்ததா, பிறகு மூடியதா என்று பார்க்கலாம். திறந்திருந்த வழியைப் பயன்படுத்தாத குதிரைக்குப் பரிதாபப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று, ஜாக்கி உண்மையாக முயலவில்லை என்ற சந்தேகம். குதிரை முழுத் தகுதிக்கு ஓட்டப்பட வேண்டும் என்பது எல்லாக் கிளப்புகளின் விதி; மீறினால் ஸ்டூவர்டுகள் விசாரிப்பார்கள், தண்டிப்பார்கள். படத்தைப் பார்க்கும் ரசிகர் அடைபட்டதையும் முயலாததையும் குழப்பிக்கொள்கிறார். வழியின்றி ஜாக்கி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை இழுத்துப் பிடித்ததாக எழுதிக்கொண்டு, அடுத்த முறை விட்டுவிடுவான் என்று பணத்தைக் கொட்டுகிறார். ஸ்டூவர்டுகளின் அறிக்கையையும் படத்தையும் சேர்த்து வாசித்தால் இந்தத் தவறு பெரும்பாலும் தவிர்க்கப்படும்.

இரண்டு பெரிய தோல்விகள்

1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் நேட்டிவ் டான்சர் என்ற குதிரை முதல் வளைவில் இடிபட்டு, டார்க் ஸ்டாரிடம் ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றது. தன் வாழ்நாளில் ஓடிய 22 பந்தயங்களில் அதற்கு ஏற்பட்ட ஒரே தோல்வி அதுதான். அதே ஆண்டு பிரீக்னஸ், பெல்மான்ட் பந்தயங்களை அது வென்றது. தடை அன்றைய நாளைச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

1986 ஜூனில் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் டான்சிங் பிரேவ் வெகு பின்னால் இருந்து, கடைசியில் பாய்ந்து வந்தும் ஷாரஸ்தானியிடம் அரை லெங்த்தில் தோற்றது. ஜாக்கி கிரெவில் ஸ்டார்க்கி அதிகம் காத்திருந்துவிட்டார் என்று அன்றிலிருந்து இன்றுவரை பேசுகிறார்கள். அடுத்த மாதம் எக்லிப்ஸ் பந்தயத்தில் அது வென்றது. ஆனால் அங்கே அதற்குக் கிடைத்த ஆட்ஸ், அதாவது ஜெயித்தால் கட்டிய பணத்துக்குத் தரும் விகிதம், மிகக் குறைவு; எப்சமில் நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதன்பின் ஆஸ்கட்டில் கிங் ஜார்ஜ் பந்தயத்தில் இரண்டும் மறுபடி சந்தித்தன. இடையில் அயர்லாந்து டெர்பியையும் வென்றிருந்த ஷாரஸ்தானியே ஃபேவரிட்டாக இறங்கியது. பாட் எட்டரி ஓட்டிய டான்சிங் பிரேவ் வென்றது, ஷாரஸ்தானி நான்காவது. படத்தைப் பார்த்தவருக்குப் பலன் கிடைப்பது ஊர் மறுபடி முடிவுப் பட்டியலை நம்பத் தொடங்கும்போதுதான் என்பதை இந்த இரண்டு பந்தயங்களும் அருகருகே காட்டுகின்றன.

ஹேண்டிகேப் எடை

இந்தியப் பந்தயங்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேப். ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் உண்டு. ஒரு புள்ளிக்கு அரை கிலோ என்ற கணக்கில் அது சுமக்கும் எடை நிர்ணயமாகிறது. ஜெயித்த குதிரைக்கு ரேட்டிங் ஏறும். அடுத்த முறை கூடுதல் சுமையோடோ மேல் வகுப்பிலோ ஓட வேண்டும். அடைபட்டு ஐந்தாவதாக வந்த குதிரைக்கு ரேட்டிங் ஏறாது. சில சமயம் இறங்கவும் செய்யும். அதாவது, ஜெயிக்கும் வலு இருந்தும் தோற்றதாகப் பதிவான குதிரை, தன் உண்மைத் தகுதிக்குக் குறைந்த எடையில் மறுபடி இறங்குகிறது. இந்த ஆய்வுக்கு இந்தியாவில் ஏதாவது நிலையான அடிப்படை உண்டு என்றால் அது இதுதான். நூலிழையில் தோற்ற குதிரை இதில் சேராது, அதன் தகுதி ரேட்டிங் தரும் ஹேண்டிகேப்பரின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஐந்தாவது, ஏழாவது இடங்களில்தான் தேட வேண்டும்.

ஆட்ஸும் வரியும்

சரியான குதிரையைக் கண்டுபிடித்தாலும் ஆட்ஸ் சரியாக இல்லாவிட்டால் பணம் போகும். நான்கில் ஒரு பங்கு வாய்ப்புள்ள குதிரைக்கு நியாயமான ஆட்ஸ் ஒன்றுக்கு மூன்று. இந்தியாவில் இந்தக் கணக்கையே வரி மாற்றிவிடுகிறது. பந்தயத் தொகையின் முழு மதிப்பின்மேல் முன்பு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். அதை மேலதிகமாகச் செலுத்துபவருக்கு 100 ரூபாய்ப் பந்தயத்தின் அடக்கம் 140 ரூபாய். ஒன்றுக்கு மூன்றில் ஜெயித்தால் கையில் வருவது 400. நட்டமின்றித் தப்பவே அந்தக் குதிரைக்கு 35 சதவீத வாய்ப்பு இருக்க வேண்டும். ஜெயித்த தொகைமேல் 30 சதவீத வருமான வரி தனி. தோற்ற பந்தயங்களை அதில் கழிக்கவும் முடியாது. இந்தச் சுமையில் மறுகாட்சி ஆய்வை வருமான வழியாக நம்புவது குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும். பந்தயத்தைப் புரிந்துகொண்டு பார்க்கும் ரசனையாக அதைக் கொள்பவர்களுக்கே அது பொருத்தம்.

குறிப்பேடு

குறிப்பெழுதும் பழக்கம் இல்லாத ஆய்வு பயன்படாது. நினைவு நமக்குப் பிடித்த குதிரையின் பக்கம் சாய்ந்துவிடும். குதிரையின் பெயர், தேதி, தூரம், சுமந்த எடை, தடை நேர்ந்த இடம், இழந்ததாகக் கருதும் லெங்த், அது அன்றைய தடையா வழக்கமா என்ற முடிவு, அடுத்த முறை எந்தத் தூரத்தில், எவ்வளவு ஆட்ஸ் கிடைத்தால் மட்டும் கட்டுவது என்பவற்றைப் பந்தயம் பார்த்த அன்றே எழுதி வைக்க வேண்டும். 1100 மீட்டரில் அடைபட்டதாகக் குறித்த குதிரை அடுத்து 1600 மீட்டரில் இறங்கினால் அந்தக் குறிப்பு செல்லாது. அதற்கேற்ற தூரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வழியெல்லாம் திறந்திருந்தும் இரண்டு முறை தோற்ற குதிரையின் பெயரை அடித்துவிட வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. முதல் தோல்வியில் கண்ட துரதிர்ஷ்டத்தையே மூன்றாவது தோல்விக்கும் காரணமாகச் சொல்லிக்கொண்டு அதே குதிரையின் பின்னால் போகிறார்கள்.