மூனிச் மண்டபத்தில் எழுந்த குரல்

1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் நாள், மூனிச் நகரத்து ஓடியோன் மண்டபத்திலே ஜெர்மன் சட்ட நிபுணர்களின் மகாநாடு கூடியிருந்தது. நீதிபதிகளும் வக்கீல்களும் பேராசிரியர்களுமாகச் சுமார் 500 கனவான்கள் வீற்றிருந்த சபை அது. அங்கே ஒருவர் மேடையேறினார். ஆணை விழையும் ஆணைத் தண்டிக்கும் சட்டம் அநீதியானது, அதை ஒழிக்க வேண்டும் என்று சொல்வதற்காகவே அவர் வந்திருந்தார். அவர் பெயர் கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ். முந்திய நாள்தான் அவருக்கு 42 வயது நிறைந்திருந்தது.

நம்மவருள்ளும் சிலர், இது சபையிலே பேசத்தக்க பொருளா என்று முகஞ்சுளிக்கக்கூடும். மூனிச் கனவான்களும் அதையேதான் கேட்டார்கள்.

உல்ரிக்ஸ் ஹானோவர் ராஜ்யத்தில் பிறந்து, சட்டம் பயின்று, அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்தவர். ஆடவரிடத்தே அவர் கொண்ட காதல் மேலதிகாரிகளின் செவிக்கு எட்டவே, 1854இல் உத்தியோகத்தை விட்டு விலக நேர்ந்தது. பிழைப்பை இழந்தவன் வாயை மூடிக்கொண்டு கிடப்பதே உலக வழக்கு. இவரோ 1862இல் தம் இயல்பைச் சுற்றத்தாருக்கு ஒளியாமல் கடிதங்களில் எழுதினார். 1864 முதல், தன்பால் விழைவோருக்காக வாதாடும் பிரசுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடலானார். தொடக்கத்தில் நூமா நூமாந்தியுஸ் என்னும் புனைபெயரில் எழுதினார். பின்னர் அத்திரையையும் விலக்கித் தம் சொந்தப் பெயரையே இட்டார். 1879க்குள் 12 பிரசுரங்கள் வெளிவந்தன. அத்தகைய ஆடவருக்குப் பிளேட்டோவின் நூலிலிருந்து ஒரு பெயரை ஆக்கினார். பெண்ணை விழையும் பெண்டிருக்கும் பெயர் வகுத்தார். ஆணுடலிலே பெண்ணுள்ளம் குடிகொண்டுள்ளது என்று அவர் கூறிய விளக்கத்தை இன்று நாம் ஒப்ப வேண்டுவதில்லை. பிறவியில் அமைந்த இயல்பைக் குற்றமாக்கலாகாது என்ற அவருடைய வாதம் அவ்விளக்கத்தை நம்பி நிற்கவில்லை.

அக்காலத்து ஜெர்மனி பல ராஜ்யங்களாய்ப் பிரிந்து கிடந்தது. பவேரியா 1813இலேயே இத்தண்டனையை நீக்கிவிட்டது. ஹானோவரும் 1840இல் அவ்வாறே செய்தது. பிரஷ்யாவோ சிறைத்தண்டனையை விடாது வைத்திருந்தது. 1866இல் பிரஷ்யா ஹானோவரை விழுங்கிற்று. அதைக் கண்டித்துப் பேசிய உல்ரிக்ஸ் மிண்டன் கோட்டையில் இருமுறை சிறை வைக்கப்பட்டார். இனி ஜெர்மனி முழுவதும் ஒரே நாடாகுமாயின், பிரஷ்யச் சட்டமே எல்லோர் தலைமீதும் விழும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். அக்கோட்டையை விட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே மூனிச் வந்து சேர்ந்தார்.

மேடைக்குச் செல்லும் படிகளில் ஏறுகையில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டதாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். இப்பொழுதுகூடத் திரும்பிவிடலாம், பேசாதிருந்தால் ஒருவரும் குறை சொல்லார் என்று உள்ளுக்குள் ஒரு குரல் தடுத்தது. சட்டத்துக்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்ட ஒருவனின் நினைவு மறுபுறம் எழுந்தது. அவர் மேலே ஏறினார். அஞ்சாதவன் செய்யும் காரியத்தைவிட, அஞ்சி நடுங்கியும் செய்தவனின் காரியமே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இப்பொருள் குறித்து முன்பே அவர் அனுப்பிய தீர்மானத்தை மகாநாட்டார் தகாதது என்று தள்ளியிருந்தனர். அதை மறுத்தே அவர் பேசத் தொடங்கினார். சில வாக்கியங்களுக்குள் பொருள் இன்னதென்று சபையோர்க்கு விளங்கிற்று. நிறுத்து என்ற கூச்சல் கிளம்பியது. பேசட்டும் என்று சிலர் எதிர்க்குரல் கொடுத்தனர். தலைவரோ, மீதியை இலத்தீனில் சொல்லும்படி கேட்டார். கற்றோர் காதில் மட்டும் விழட்டும் என்பது கருத்துப் போலும்! உல்ரிக்ஸ் கையெழுத்துப் பிரதியை மேசைமீது வைத்துவிட்டு இறங்கினார்.

அவர் அஞ்சியதே நடந்தது. 1872 ஜனவரி முதல் நாளிலிருந்து 175ஆம் பிரிவு என்ற பெயரில் அச்சட்டம் ஜெர்மன் சாம்ராஜ்யம் முழுவதையும் ஆண்டது. நாஜிகள் 1935இல் அதை இன்னும் கொடிதாக்கி, ஆயிரக்கணக்கானோரைச் சித்திரவதை முகாம்களுக்கு அனுப்பினர். அப்பிரிவு அடியோடு நீங்கியது 1994இல்.

உல்ரிக்ஸ் 1880இல் தாய்நாட்டைத் துறந்து இத்தாலி சென்றார். லாகுவிலா என்னும் மலைநகரில் வறுமையோடு வாழ்ந்து, 1889 முதல் வானம்பாடிகள் என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை நடத்தினார். அது முழுவதும் இலத்தீன் மொழியிலேயே வந்தது! இம்முறை யார் கட்டளையும் அன்று. அம்மொழிமேல் கொண்ட காதலால் செய்தது. 1895 ஜூலை 14இல் அவ்வூரிலேயே காலமானார். அவரைக் கூச்சலிட்டு இறக்கிய மூனிச் நகரில் இன்று ஒரு சதுக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.