கையசைப்பே அடையாளம்

ஓதம் வற்றிய வேளையில் பிச்சாவரம் போன்ற கழிமுகச் சேற்று நிலத்தில் அசையாமல் நின்று பாருங்கள். சற்று நேரத்தில் வளைகளிலிருந்து சிறு நண்டுகள் வெளிவரும். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரியது; பெண்ணுக்கு இரண்டும் சிறியவை. பெரிய கொடுக்கைப் பிடிலாகக் கற்பனை செய்து இதற்குப் ‘பிடில் நண்டு’ என்று பெயர் வைத்தார்கள். உலகில் இவற்றுள் நூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. உங்கள் எதிரே நிற்பது எது என்று கண்ணால் கண்டே கூற முடியுமா? இதற்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று.

இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்த ரம்பியஸ், தம் நூலில் இந்நண்டை ‘அழைக்கும் நண்டு’ என்றார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின் 1705-இல் வெளிவந்தது. 1758-இல் லின்னேயசும் அப்பெயரையே ஏற்றார். ஆக, முதலில் மனிதன் கண்ணில் பட்டது கொடுக்கின் அசைவே.

பின்னர் நண்டுகள் சாராயப் புட்டிகளில் அடைபட்டு அருங்காட்சியகம் சென்றன. அங்கே நிறம் மறைந்தது; அசைவும் இல்லை. பெயர்க் குழப்பமும் சேர்ந்தது. பிரேசிலில் வேறொரு நண்டுக்கு வழங்கிய ‘ஊக்கா’ என்ற பெயர், செபா என்பவரின் நூலில் பிடில் நண்டின் படத்துக்கு இடப்பட்டது. 1814-இல் லீச் அப்படத்தை நம்பி ‘ஊக்கா’ என்ற பேரினத்தை அமைத்தார். தவறு நிலைத்துவிட்டது!

அமெரிக்க விலங்கியலார் ஜோசலின் கிரேன் அம்மையார் உயிருள்ள நண்டுகளைச் சேற்று நிலத்திலேயே கவனித்தார். 1941-இல் வெளியிட்ட ஆய்விலும், 1975-இல் வெளியிட்ட பெருநூலிலும் அவர் கையசைப்பை விரிவாக விளக்கினார். சில சிற்றினங்கள் கொடுக்கை மேலும் கீழுமாக அசைக்கின்றன. வேறு சில பக்கவாட்டில் விரித்து வட்டமாகச் சுழற்றுகின்றன. வேகமும் தாளமும் வேறுபடும். காரணம் எளிது: ஒரே சேற்றில் பல சிற்றினங்கள் வாழும்போது, பெண் தன் இனத்து ஆணை அறிந்துகொள்ள வேண்டுமன்றோ?

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; ஒரே நண்டின் நிறம் நேரத்துக்கேற்ப மாறும். இழந்த கொடுக்கு மீண்டும் வளரும்போது வடிவம் மாறுவதும் உண்டு. கண்காம்புகளுக்கு இடையேயுள்ள நெற்றியின் அகலத்தையும், கையசைப்பையும், வாழிடத்தையும் சேர்த்துப் பாருங்கள். நெருங்கிய சிற்றினங்களாயின் நுண்ணோக்கியும் வேண்டும்.

2016-இல், மரபணுச் சான்றையும் கொண்டு இந்நண்டுகளைப் பதினொரு பேரினங்களாகப் பிரித்தனர். ‘ஊக்கா’ இன்று சில அமெரிக்கச் சிற்றினங்களுக்கு மட்டுமே உரியது. பெயர்கள் மாறின, ரம்பியஸ் கண்ட கையசைப்பு மாறவில்லை.