டாக்டர் சாலை: எந்த டாக்டர்?

தி.நகரில் டாக்டர் நாயர் சாலை என்று ஒன்று உண்டு. நாயர் என்றால் டி.எம். நாயர், அதாவது தரவத் மாதவன் நாயர். தொழிலால் மருத்துவர். 1916இல் பிட்டி தியாகராயர், நடேசனார் ஆகியோருடன் சேர்ந்து நீதிக்கட்சிக்கு வித்திட்டவர். 1920களில் தி.நகர் உருவானபோது ஆட்சியில் இருந்தது அந்தக் கட்சிதான். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, ஏன், தியாகராய நகர் என்ற பெயரேகூட அந்தக் கட்சிக்காரர்களின் பெயர்ப் பட்டியல் மாதிரி இருக்கும்.

1970களின் கடைசியில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், தெருப் பெயர்களில் இருந்து சாதிப் பெயர்களை எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நோக்கத்தில் எனக்கு மறுப்பே இல்லை. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்று 1929லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டாயிற்று. ஆனால் வேலையைச் செய்தவர்கள் அந்த ஒரு சொல்லை மட்டும் வெட்டினார்கள். ஜி.என். செட்டி சாலை ஜி.என். சாலை ஆனது. டாக்டர் நாயர் சாலை வெறும் டாக்டர் சாலை. தி.நகரில் டாக்டருக்கா பஞ்சம்!

மென்பொருள் எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான கதை. கிளையண்ட் ஒரு வரியில் கேட்பார்: இந்தச் சொற்கள் எங்கே வந்தாலும் நீக்கிடுங்க. நீக்கிக் கொடுத்தால் டெஸ்டிங்கும் பாஸ் ஆகிவிடும். கேட்டதைத்தானே செய்தோம்? சரி, ஆனால் கேட்டவர் பார்ப்பது விதியை; பெயர்ப் பட்டியல் இருப்பது செய்பவர் கையில். அந்த விதியை நிஜமான பெயர்கள் மேல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டியது அவர் வேலை இல்லையென்றால் வேறு யார் வேலை? "சார், நாயரை எடுத்தா இவருக்கு மிச்சம் ஒண்ணுமே இல்லையே, மாதவன்னு போடலாமா?" அவ்வளவுதான் கேள்வி. டாக்டர் மாதவன் சாலை, கோபதி நாராயணசாமி சாலை. சாதியும் போயிருக்கும், ஆளும் நின்றிருப்பார்.

கேள்வி கேட்டால் உத்தரவை எதிர்க்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் நம்மூர் ஆபீஸ்களில் எப்போதும் உண்டு. ஐ.டி. கம்பெனிகளும் விலக்கில்லை.

2025 அக்டோபரில் தெருக்களின் சாதிப் பெயர்களை நீக்க மறுபடியும் அரசாணை வந்தது. அதே மாதம் கோவையில் ஜி.டி. நாயுடு மேம்பாலத்தைத் திறந்தார்கள். விதியை அப்படியே ஓட்டினால் அது ஜி.டி. மேம்பாலம். எந்த ஜி.டி. என்று இப்போதே கேட்டு வைப்பது நல்லது. தி.நகரில் இத்தனை வருஷம் கழித்தும் ஜனங்கள் வாயில் ஜி.என். செட்டி ரோடுதான்.