தூதரின் சட்ட விலக்கும் மனைவியின் உரிமையும்

தூதரைத் துன்புறுத்தலாகாது என்னும் மரபை இஸ்லாம் பேணியது. தூதருக்கும் கடமை உண்டு எனக் கற்பித்தது. குறைஷிகளின் தூதராக நபி (ஸல்) அவர்களிடம் வந்த அபூ ராஃபிஉ (ரலி) அவர்கள், இஸ்லாத்தால் ஈர்க்கப்பட்டு, இனித் திரும்பிச் செல்வதில்லை என்றார்கள். நபியவர்களோ, உடன்படிக்கையை முறிப்பதும் தூதரைத் தடுத்து வைப்பதும் தமது வழக்கமன்று எனக் கூறி அனுப்பிவைத்தார்கள்; உள்ளத்தில் இருப்பது நிலைத்தால் மீண்டும் வரலாம் என்றார்கள். அவர்களும் சென்று, பின்னர் வந்து இஸ்லாத்தைத் தழுவினார்கள். இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

தூதராய் வந்தவர் தங்க விரும்பினால், தூதர் என்னும் நிலையை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று இதிலிருந்து விளங்குகிறோம்.

இக்காலச் சட்டமும் ஏறக்குறைய அதையே கேட்கிறது. 1961ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தப்படி, தூதரைக் கைது செய்ய இயலாது. சில விதிவிலக்குகள் நீங்கலாக, உரிமையியல் வழக்கும் தொடர இயலாது. அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டமோ, தூதரக விசாவில் இருப்பவர் அந்நாட்டுக் குடிமகளை மணந்து நிரந்தர வசிப்புரிமை கோரினால், பதவியால் வந்த சலுகைகளையும் விலக்குகளையும் எழுத்து மூலம் துறக்குமாறு பணிக்கிறது. ஐ-508 என்னும் படிவம் அதற்குரியது.

இதனைச் சுமையாகக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. விலக்கு நீடிக்கும்வரை, மஹரோ நஃபகாவோ கிட்டாத மனைவி அந்நாட்டு நீதிமன்றத்தை நாடினாலும் கதவு திறப்பது அரிது. அக்கையொப்பமே கதவைத் திறக்கிறது. விலக்கு என்பது பணிக்காகத் தரப்பட்ட அமானிதம். அதை ஒப்படைத்துவிட்டு நிகாஹின் பொறுப்பை ஏற்பதே நேர்மை. சம்பந்தம் பேசும் பெற்றோர், வசிப்புரிமை கிடைக்குமா என்பதுடன் இதனையும் கேட்டறிவார்களாக.

அல்லாஹ் நம் இல்லங்களில் பரக்கத் செய்வானாக!